சில்லறைப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள்

பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோயில் வாசலில் தொண்டுக்கென்று இருக்கிற வெளிநாட்டுச் சில்லறைப் பெட்டியை எடுத்துவிட யோசிப்பதாக அறிந்தேன். பெட்டி பாரம், பிரிக்க ஆளில்லை, வங்கி வாங்காது என்கிறீர்களாம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் பெட்டி இருக்கட்டும். நடத்துகிற விதத்தை மாற்றினால் போதும்.

நம்மைப் போன்ற லண்டன் பங்கில் எந்த வீட்டு மேசை லாச்சியைத் திறந்தாலும் ஊருக்குப் போய் வந்த மிச்சக் காசு கிடக்கும். போலந்துக்காரர், பிலிப்பினோக்கள், கேரளத்தவர், கானாக்காரர், நாங்கள், யார் வீடும் விலக்கில்லை. காசு மாற்றும் கடைக்காரர் தாளை வாங்குவார், நாணயக் குத்தியைத் தொடமாட்டார். இந்த மிச்சக் காசை நம்பித்தான் யுனிசெஃப் 1987 முதல் விமானப் பயணிகளிடம் உறை நீட்டிச் சேர்க்கிறது.

பெரிய தொகை வரும் என்று யாருக்கும் ஆசை காட்ட வேண்டாம். இலங்கைக் குத்திகளை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாலும் ஒன்றிரண்டு பவுண் தேறினால் பெரிய காரியம். ஆனால் அதே குவியலில் சுவிஸ் 5 பிராங்க் ஒன்று அகப்பட்டால் அது மட்டுமே நாலு பவுணுக்கு மேல் பெறும். 1964 அல்லது அதற்கு முந்தைய ஆண்டு பொறித்த அமெரிக்கக் கால் டொலரில் 90 வீதம் வெள்ளி. கலந்து கட்டி நிறைக்கு விற்றால் இதெல்லாம் இரும்பு விலைக்குப் போய்விடும். ஆகவே பிரித்தே ஆக வேண்டும்.

பிரிக்கிறதுக்கு ஆளில்லை என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. பூசை முடிந்து தேநீருக்கு நிற்கிற மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாய்லாந்தின் 10 பாத், பார்வைக்கு அப்படியே 2 யூரோ; வெளியே வெள்ளி நிறம், நடுவே மஞ்சள். கண்ணாடி போட்டாலும் நான் ஏமாறுவேன். அந்த நாட்டில் வேலை பார்த்தவர் தொட்டதும் ஒதுக்கிவிடுவார். அப்புறம் கதை தொடங்கும், தேநீர் ஆறும், அது வேறு விஷயம். ஒன்றாகக் கும்பிட்டும் பெயர் தெரியாமல் இருக்கிற நமக்கு அந்தக் கதையும் தேவை.

பெட்டியை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் நம் குறை. காசும் காலாவதியாகும். இத்தாலிய லீராவை யூரோவாக மாற்றும் கதவு 2011 டிசம்பரோடு மூடியது. ஸ்பெயினின் பெசேத்தாவுக்கு 2021 ஜூனோடு. ஆனால் ஜெர்மன் மார்க்கை அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் யூரோவாக மாற்றித் தருகிறது, கெடுவே இல்லை. 2017இல் செல்லாமல் போன நம் வட்ட ஒரு பவுண் குத்தியைப் பங்கின் வங்கிக் கணக்கிலேயே போடலாம். அதை இந்தக் குவியலோடு அனுப்பத் தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறவுங்கள். ஞாயிறு காணிக்கையை எண்ணுவதுபோல இருவர் முன்னிலையில் திறக்கட்டும். எந்தத் தொண்டுக்கு எவ்வளவு போனது என்று பங்குச் செய்திமடலில் போடுங்கள், பதினெட்டுப் பவுண் என்றாலும் சரி. ஞாயிறு காணிக்கைத் தட்டில் வெளிநாட்டுக் குத்தி விழுவதும் அதோடு குறையும், பொருளாளருக்கு நிம்மதி.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மண்டபத்தில் ஒரு மேசை ஒதுக்கித் தந்தால் போதும். பிரித்துப் போடக் கிண்ணங்களும் உதவிக்கு நாலு பேரையும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவர்