அந்த சுங்கைப்பட்டாணி அம்மாவுக்கு ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்துல சுங்கைப்பட்டாணியில இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. மக தனியா சைக்கிள்லயே தாய்லாந்து போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, வீட்டுல தினம் சண்டை, யாராவது அவளுக்குப் புத்தி சொல்லுங்கன்னு. இந்நேரம் புத்தி சொல்லி நாலு கடுதாசி உங்களுக்கு வந்திருக்கும். நான் புத்தி சொல்ல வரல, ஏன்னா அதே வேலைய நானும் பண்ணிட்டு வந்திருக்கேன், 51 வயசுல.

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலை 27 வருஷம். விஎஸ்எஸ் (நாமளா வேலைய விட்டா காசு குடுக்கற திட்டம்) குடுத்து அனுப்பினாங்க, வீட்டுல சும்மா உக்கார முடியல, தைப்பூசம் முடிஞ்ச கையோட கெளம்பிட்டேன். பினாங்குப் பாலத்துல சைக்கிள் விட மாட்டாங்க, அதனால ஃபெரி ஏறி பட்டர்வொர்த், அங்கேர்ந்து கெடா தாண்டி புக்கிட் காயு ஹீத்தாம் பார்டர், அப்புறம் ஹாட்யாய், பத்தலுங், சும்போன், ஹுவா ஹின்னு மேலயே போய் காஞ்சனாபுரி. 18 நாள், 1,100 கிலோமீட்டருக்கு மேல. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஃபேஸ்புக்ல போட்டோ போட்டப்ப சொந்தக்காரங்க எல்லாம் ஹார்ட்டா போட்டுத் தள்ளுனாங்க. போட்டோல வராதத சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

அம்மா, நீங்க திருடன், குடிகாரன், ராத்திரின்னு பயப்படுறீங்க. நானும் அதையேதான் பயந்தேன், தலகாணிக்கு அடியில மொளகாப்பொடி வச்சுகிட்டு படுத்தேன்னா பாத்துக்குங்க. ஒருத்தனும் கிட்ட வரல. என்னை அழ வச்சது வேற. முதல்ல உக்கார்ற எடம், நாலாம் நாள்ல புண்ணாயிடுச்சு, வெளிய சொல்லக்கூட முடியாது, நடக்கறப்ப வாத்து மாதிரி நடந்தேன். அடுத்து கை. நாள் பூரா ஹேண்டில்ல உள்ளங்கை அழுத்திகிட்டே இருந்தா அங்க ஓடற நரம்பு நசுங்கும், சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிடும், எனக்கு சட்டை பட்டன் போட முடியல, ரூம் சாவி திருப்ப முடியல, வீட்டுக்கு வந்து மூணு வாரம் கழிச்சுத்தான் முழுசா சரியாச்சு. ஹேண்டில ஒரு இன்ச் தூக்கி, அப்பப்ப கைய மாத்தி மாத்தி வச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

அப்புறம் பஞ்சர். அங்க ரோட்டோரம் நல்லா அகலமா தார் போட்ட எடம் விட்டிருக்காங்க, சைக்கிளுக்கு சொகம்தான், ஆனா லாரி டயர் வெடிச்ச துண்டெல்லாம் அங்கதான் கெடக்குது. அதுக்குள்ள இருக்கற கம்பி முடி மாதிரி மெல்லிசு, டயர்ல ஏறினா கண்ணுக்கே தெரியாது. பத்தலுங் தாண்டி ஒரே நாள்ல மூணு பஞ்சர். மூணாவது தடவ ரோட்டோரத்துல குந்தி டயருக்குள்ள விரல விட்டு சுத்தி சுத்தித் தடவிப் பாத்து, விரல்ல குத்தின எடத்துல புருவம் எடுக்கற சாமணத்தால புடுங்கினேன், அரை இன்ச் கூட இருக்காது அந்தக் கம்பி. மொதல்லயே அதை எடுக்காம ட்யூப் மட்டும் மாத்தினதுனாலதான் அடுத்த ரெண்டு பஞ்சரும். மக கிட்ட சொல்லுங்க, பேட்ச் மறந்தாலும் சாமணத்த மறக்க வேணாம்.

ஆனா நான் அழுதது பஞ்சருக்கு இல்ல. ஆறாம் நாள், துங் சொங் போற வழில ஒரு பஸ் ஸ்டாப், மதியம் ரெண்டு மணி, மழை இல்ல, அடி படல, பசி கூட இல்ல. அஞ்சு நாளா யார்கிட்டயும் ஒரு வார்த்தை தமிழ் பேசல. போனத் தொறந்தா குடும்ப குரூப்புல பூவோட காலை வணக்கம் படம் 14 வந்து கெடக்குது, ஒருத்தரும் எங்க இருக்கேன்னு கேக்கல. உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். எதிர்ல கித்தா (ரப்பர்) மரமா நிக்குது, நம்ம தோட்டம் மாதிரியே, அது வேற. அன்னைல இருந்து சைக்கிளோட பேச ஆரம்பிச்சேன், ஏண்டி மேடு வருது கொஞ்சம் ஏறுடின்னு, பைத்தியம்தான், ஆனா அது இல்லன்னா திரும்பி வந்திருப்பேன்.

நல்லது இல்லாம இல்ல. அவங்க நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, ஆறரைக்கே விடிஞ்சிரும், வெயில் ஏறறதுக்குள்ள 40 கிலோமீட்டர் ஓட்டிடலாம். வெள்ளிக்கிழமை சைவத்துக்கு என்ன பண்றதுன்னு முழிச்சேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நம்ம பினாங்குல ஒம்பது சாமி திருவிழாவுல சீனர் கடைல மஞ்சக் கொடி தொங்குமே, அங்கயும் மஞ்சக் கொடிதான், செவப்புல 17னு எழுதின மாதிரி இருக்கும், அதுதான் சைவக் கடைக்கு அடையாளம். பிராச்சுவாப்ல கடல் ஓரமா ஓட்டின ரெண்டு நாள் என் வாழ்க்கைல மறக்க மாட்டேன், அத எழுத எனக்கு வராது. ஒரு ராத்திரி நல்ல ரூம், வாசல்ல கார் நிறுத்தற எடத்துக்கு திரை எல்லாம் போட்டிருக்கு, ஆஹா சைக்கிளுக்கு எவ்வளவு பாதுகாப்புன்னு சந்தோஷமா படுத்தேன், ரகசியமா ஜோடியா வர்றவங்க கார் வெளிய தெரியாம இருக்கத்தான் அந்தத் திரைன்னு வீட்டுக்கு வந்து என் தம்பி சொல்லித்தான் தெரியும். அந்தம்மா, இத மட்டும் மக கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க.

சும்போன் கிட்ட பின் சக்கரத்துல ஸ்போக் ஒண்ணு உடைஞ்சு வீல் கோணி பிரேக்ல உரச ஆரம்பிச்சுது. மோட்டார் பட்டறை ஒண்ணுதான் இருந்துச்சு. அவர்கிட்ட சைக்கிள் ஸ்போக் இல்ல, ஆனா உடைஞ்சதுக்கு ரெண்டு பக்கமும் உள்ளத கொஞ்சம் லூஸ் பண்ணி, உடைஞ்ச பக்கத்துலயே அடுத்து உள்ளத முறுக்கி, வீல சுத்தி விட்டு காதால கேட்டே நேராக்கிட்டார். 60 பாட் வாங்கினார், நியாயமான காசு. அந்த வீலோடதான் ஹுவா ஹின் வரைக்கும் போனேன்.

ஏன் காஞ்சனாபுரின்னா, எங்க அப்பாவோட அப்பாவ 1943ல கெடா தோட்டத்துல இருந்து ஜப்பான்காரங்க சயாம் ரயில் வேலைக்கு, தாய்லாந்துல இருந்து பர்மாவுக்குப் போட்ட பாதைக்கு, ஏத்திட்டுப் போனாங்க, திரும்பி வரல. 415 கிலோமீட்டர் பாதை, அதே வருஷம் அக்டோபர்ல முடிச்சுட்டாங்க. ஊர் நடுவுல போர்க்கைதிங்க கல்லறை, ஏறக்குறைய 7,000, ஒவ்வொண்ணா பேர் போட்டு புல்லு வெட்டி அழகா வச்சிருக்காங்க. ரயில் வேலைக்குப் போன நம்ம தமிழ் ஆளுங்களுக்கு அப்படி ஆளுக்கொரு பேர் போட்ட கல் எதையும் நான் பாக்கல. அங்க போய் கதறி அழுவேன்னு நெனச்சேன். அழுகையே வரல, இடுப்பு வலிச்சுது, நெழல்ல உக்காந்து தண்ணி குடிச்சேன், தாத்தா பேர வாய்விட்டு ஒரு தடவ சொன்னேன், அவ்வளவுதான்.

ஒண்ணு விட்டுட்டேன். 18 நாள்ல உயிர் போயிடும்னு நெனச்ச எடம் வெளிநாட்டுல இல்ல. நம்ம கெடாவுல குருண் தாண்டி பழைய ரோடு, ஓரத்துல வெள்ளக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண்தான், அப்புறம் புல்லு, ஒரு லாரியோட கண்ணாடி என் தோள உரசாத குறையா போச்சு, போறவன் ஹாரன் வேற அடிச்சுட்டுப் போறான். ரோடு போடறவங்க யாராவது இத படிச்சா, ஒரு நாள் அந்த வழில சைக்கிள்ல போய்ப் பாருங்க.

அம்மா, அவள முதல்ல சுங்கைப்பட்டாணில இருந்து பார்டர்ல இருக்கற பாடாங் பெசார் வரைக்கும் ஓட்ட விடுங்க. முடியலன்னா கொமுட்டர் ரயில் ஏறி வீட்டுக்கு வந்துரலாம். முடிஞ்சா, என்னோட ரெண்டு சைக்கிள் பையும் ஸ்டோர் ரூம்ல சும்மாத்தான் கெடக்குது, தொவச்சு வச்சிருக்கேன், சாமணமும் அதுக்குள்ளயே இருக்கு. என் நம்பர் ஆசிரியர் கிட்ட இருக்கு, வந்து எடுத்துக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு