செயலாளர் ஆண்டறிக்கை: சொத்தைப் பல்லும் நம் தெருப் பிள்ளைகளும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, சந்தா பாக்கி மூன்றும் சென்ற ஆண்டைப் போலத்தான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாம் நடத்திய பல் பரிசோதனை முகாமைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

திருப்பூரில் முகாம் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளில் வீட்டில் ஆள் இருக்காது. அன்று ஓர் அம்மாயி மூன்று வயதுப் பேரனைத் தூக்கி வந்தார். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பேறிக் கரைந்து, பாதிதான் மிச்சம். கீழ்வரிசை பளிச்சென்று இருந்தது. பார்த்ததுமே டாக்டர் கேட்டார், "ராத்திரி வாயில பால் பாட்டிலோட தூங்குவானா?"

"அதில்லாம தூங்க மாட்டேங்குறானுங்க. சக்கரை போடலைன்னா குடிக்கிறதும் இல்லீங்க."

தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பாலும் சர்க்கரையும் மேல்பல்லில் தேங்கி, கிருமிகள் அதை அமிலமாக்கும்; அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றும். டாக்டர் இதைச் சொன்னபோது அந்த அம்மாயியின் கண் கலங்கிவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவுதான் வருகிறார். அழுகிற பிள்ளையை வயதானவர் வேறு எப்படித் தூங்க வைப்பார்? பல்லைக் காட்ட அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றால், காலை நேரத்தில் போக வேண்டும். ஒரு ஷிப்ட் கூலி போய்விடும். அதனால்தான் வீங்கிய பிறகே கூட்டிப் போகிறார்கள். சரியாகப் பல் துலக்காததுதான் காரணம் என்று முன்பு நானும் நினைத்திருந்தேன். அது ஒரு பகுதிதான்.

இன்னொன்று, ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல். பால் பல் எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்து, விழுந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அது விழாது, ஆயுளுக்கும் அந்த ஒன்றுதான்.

பெரியவர்களிலும் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், பிரஷருக்கும் மன அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிலருக்கு வாய் வறண்டு போகிறது. எச்சில் குறைந்தால் பல்லின் வேர்ப்பக்கம் சொத்தையாகும். வாய் வறட்சியை டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், நிர்வாகக் குழுவின் தீர்மானங்கள். சுதந்திர தினத்தன்று மிட்டாய்க்குப் பதில் சுண்டல். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு கலந்த பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சங்கச் செலவில் அதை வாங்கித் தருவது. மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும் என்று கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, வேலைக்குப் போகாத உறுப்பினர்கள் முறை வைத்துக்கொள்வது. இதற்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

இந்த மூன்றுக்கும் சபையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்