ஜெபிக்கிறோம் என்று சொன்ன பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைச் சுவர்களில் உபவாச ஜெபக் கூட்டங்களின் சுவரொட்டிகள் இடம் பிடிக்கத் தொடங்கிவிடும்; தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்திலும் அக்கூட்டங்கள் பற்றிய செய்திகள் வெளிவரும். அவற்றைக் குறை சொல்வதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை, நானும் அவற்றிற்குப் போகிறவள்தான். ஆனால், கூட்டம் முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பிறகு, அங்கே கேட்ட செய்தியை அடுத்த தெருவில் படுத்துக்கிடக்கும் ஒருவரின் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அதைப் பற்றிச் சபையாரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றே எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் மரணமோ பெரிய நோயோ நேர்ந்தால் முதல் வாரம் ஆட்களுக்குக் குறைவே இராது. குருவானவர் வருவார், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வருவார்கள், பாடல்களும் ஜெபங்களும் ஏறெடுக்கப்படும், காபி போட்டே அந்த வீட்டார் களைத்துப்போவார்கள். மூன்றாவது வாரத்தில் அதே வீட்டின் கதவைத் தட்ட ஆள் இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் “ஜெபிக்கிறோம்” என்ற சொல்லும் கூப்பிய கைகளும் வந்துகொண்டே இருக்கும். ஆடையும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதில் என்ன பயன் என்று வேதாகமத்தில் யாக்கோபு தன் நிருபத்தில் கேட்டிருப்பது நம்மைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உறவினர் ஒருவருக்குத் துணையாக அரசு மருத்துவமனையில் தங்க நேர்ந்தபோது நான் கண்ட ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் கிடந்த முதியவருக்கு அவர் உறவினர் அல்லர், ஒரே சபையைச் சேர்ந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மாலையானதும் ஒரு பிளாஸ்கில் கஞ்சியும் தூக்குவாளியில் துவையலுமாக வந்து நிற்பார். பெரியவரின் மகளிடம், “நீ போயி குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிட்டு வா தாயி, நான் இருக்கேன்” என்பார். துவைக்க வேண்டிய துணி ஏதும் இருந்தால் கேட்டு வாங்கி, கட்டைப்பையில் திணித்து வைத்துக்கொள்வார். பிறகு கட்டிலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது தீரும் தறுவாயில் எழுந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டு வருவார். அவர் சத்தமிட்டு ஜெபித்து நான் கேட்டதில்லை. வார்டில் இருந்த பிற மதத்தவருக்கும் அவர் யார் என்று விளக்கிச் சொல்லத் தேவை ஏற்படவில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நோயாளியைத்தான் பார்க்கிறார்கள். நாட்கணக்காகத் தூங்காமல் அவர் பக்கத்தில் இருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் பார்த்தார்.

ஆறுதல் சொல்லப் போகிற இடத்தில் நாம் பேசும் பேச்சும் கவலை தருவதாகவே இருக்கிறது. வேதாகமத்தில், பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் அவனுடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து, அவன் செய்த பாவம் என்னவென்று ஆராயத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. இன்றும் புற்றுநோயால் அவதிப்படும் ஒரு தாயிடம் போய், வீட்டில் ஏதோ அறிக்கையிடப்படாத பாவம் இருக்கிறது என்றும், விசுவாசம் இருந்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்றும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தை நிறுத்திவிடச் சொல்லும் துணிச்சலும் சிலருக்கு இருக்கிறது. இது ஆறுதலும் அன்று, ஊழியமும் அன்று. விழுந்து கிடப்பவரை மிதிப்பதாகும். குருவானவர்கள் பிரசங்க பீடத்திலிருந்தே இதைக் கண்டிக்க வேண்டும்.

மெய்யான ஊக்குவிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு வேலூரில் ஒரு முன்மாதிரி உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். அவருக்காக ஜெபித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும் என்று எடுத்துச் சொல்லி, அவரைச் சக்கர நாற்காலியில் அறுவை அரங்கத்துக்குத் திரும்ப வைத்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். மேரி வர்கீஸ் அதோடு நின்றுவிடாமல் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, தம்மைப்போல் முடங்கிப்போன மற்றவர்களுக்காக வேலூரில் அத்துறையை உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உங்களால் இன்னும் இன்ன வேலையைச் செய்ய முடியும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால், அந்த மனிதரைக் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும், அவருக்காகச் சிறிது யோசித்தும் இருக்க வேண்டும். தேர்வில் தோற்ற பிள்ளைக்கும், வேலை போன தகப்பனுக்கும், வியாபாரம் நொடித்தவருக்கும் நாம் தர வேண்டியது இத்தகைய பேச்சுதான்.

நெல்லைச் சீமையின் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதும் அன்று. அன்றாடச் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, அதை ஆலயத்தில் கொண்டுவந்து சேர்த்த கைப்பிடி அரிசிக் காணிக்கையை இன்றைய முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிசோரமிலும் 1910 முதல் பெண்கள் இதே வழக்கத்தைக் கொண்டு ஊழியங்களைத் தாங்கிவருகிறார்கள். தொகை சிறியதுதான். ஆனால் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் தன் வீட்டார் அல்லாத ஒருவரை நினைக்கும்படி அது ஒரு தாயைப் பழக்கியது, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் பழகினார்கள். இப்போது காணிக்கையைக் கியூஆர் கோடில் செலுத்திவிடுகிறோம். கணக்குக்கு அது வசதி, மறுப்பதற்கில்லை. அந்தப் பழக்கம்தான் போய்விட்டது.

வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903-ல் நம்மவர் பணத்தாலும் நம்மவர் உழைப்பாலும் இயங்கும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகி, 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்ற அசரியா, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசியது இங்கு நினைக்கத்தக்கது. மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்று வெள்ளையரை நோக்கி நம் சார்பில் வைக்கப்பட்ட அந்த வேண்டுகோளை, இன்று நம் சபையிலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நம்மை நோக்கி வைத்தால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? சாதி பார்த்து வீட்டுக்குள் அழைப்பதும் திண்ணையோடு அனுப்புவதும் கிறிஸ்தவ வீடுகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதை எழுதாமல் விட்டால் இக்கடிதம் நேர்மையானதாக இராது.

இந்த அன்பு சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களோடு நின்றுவிடவும் கூடாது, துண்டுப் பிரசுரத்தை நீட்டுவதற்கான சாக்காகவும் ஆகக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள் சோறாக்கிப் போட்டார்கள். உண்ண வந்தவர்களிடம் அவர்கள் மதம் கேட்கவில்லை. அயலாரை நேசிப்பதைக் கற்பிக்கும் உரிமை நமக்கு மட்டும் உண்டு என்று எண்ணுகிறவர்கள் அந்தக் கிராமத்தாரிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

செய்யக்கூடியது என்ன? ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் இருக்க, குருவானவர் ஒருவரே எல்லா வீடுகளையும் சந்திக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்தந்த ஊரிலேயே குடியிருந்து, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்து வைத்திருந்த சபை ஊழியர்களான உபதேசியார்களின் காலமும் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே சபையாரே முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் அறிவிப்புகளோடு, சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, இந்த வாரம் மருத்துவமனையில் துணைக்கு ஆள் தேவைப்படும் வீடு எது, தனியாக இருக்கும் முதியவர் யார், டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வண்டி வேண்டியவர் யார் என்பதையும் வாசிக்கலாம். வாலிபர் ஐக்கியத்தினர் பைக் வைத்திருக்கிறார்கள், ஓய்வு பெற்ற எங்களிடம் நேரம் இருக்கிறது. ஒரு வீட்டை ஒருவர் ஏற்றுக்கொண்டால், குறைந்தது மூன்று மாதம் விடாமல் போக வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளலாம். கன்வென்ஷன் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் தொகையில் சிறு பங்கு, இவர்களின் பெட்ரோலுக்கும் பிளாஸ்க்குக்கும் போதுமானது. வரும் லெந்து நாட்களிலேயே ஏதாவது ஒரு சேகரம் இதைத் தொடங்கினால், அச்செய்தியையும் கூட்டச் செய்திகளுக்குப் பக்கத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை,
பாளையங்கோட்டை.