ஒலிநாடா அறையைக் காலி செய்யாதீர்கள்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக ரெக்டர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நாட்டார் வழக்காற்றியல் துறையின் ஒலிநாடா அறையை மாத இறுதிக்குள் காலி செய்து, பழைய மேசை நாற்காலிகளைப் போட ஒப்படைக்கச் சொல்லும் சுற்றறிக்கை கிடைத்தது. நாங்கள் கேட்பது ஒன்றே: காலி செய்யச் சொல்லாதீர்கள்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எங்கள் ஆசிரியர்கள் கிழக்குத் துருக்கியின் கார்ஸ், எர்ஸுரும் பக்கம் அலைந்து பதிந்த கேசட்டுகள் அங்கே இருக்கின்றன. ஒன்றில், தேநீர்க்கடையில் இரண்டு ஆஷிக்குகள், அதாவது இசைத்துக்கொண்டே பாட்டுக் கட்டும் நாட்டுப்புறப் பாடகர்கள், போட்டிக்குப் பாடுகிறார்கள். உதடுகளுக்கு நடுவே ஊசியை நிறுத்திக்கொண்டு, ப, ம போல உதடு ஒட்டும் ஒலி ஒன்றுகூட வராமல், அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டவேண்டும். தவறினால் குத்தும். பாதியில் ஒருவர் "ஸ்ஸ்" என்கிறார். கடையே சிரிக்கிறது. எதிராளியின் சாஸ் என்னும் தந்தி வாத்தியம் மட்டும் நிற்காமல் ஒலிக்கிறது. இருவரும் இன்று இல்லை. கேசட்டின் நாடா ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை ஏறிவிட்டது. மேலே ஒழுகும் குழாய்க்கு நாங்களே வாளி வைத்திருக்கிறோம். டிஜிட்டலாக்க கேசட்டை ஓட்ட ஒரு நல்ல டெக், ஒரு கணினி, ஓர் உதவியாளர் போதும். நிர்வாகத்திடம் கேட்டதற்கு, "இதில் எத்தனை கட்டுரை வரும்?" என்றார்கள்.

தங்கள் வரவேற்பறையில் கராகோஸ் என்னும் நம் நிழற்கூத்தின் தோல்பாவை கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜோராக இருக்கிறது. அந்தக் கூத்தும் ஆஷிக் மரபும் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதை விழா மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் மலைக்கிராமத்தில் தங்கிக் கதை பதிந்து வரும் இளம் ஆய்வாளருக்கு நம் பதவி உயர்வுக் கணக்கில் புள்ளி பூஜ்யம். ஊர்ப்பக்கமே போகாமல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை போட்டவருக்குப் புள்ளி உண்டு. 1948இல் அங்காராவில் நாட்டார் வழக்காற்று அறிஞர் பெர்தேவ் நாய்லி போராதாவின் நாட்டார் இலக்கியத் துறையை மூட, நாடாளுமன்றமே கூடி நிதியை வெட்ட வேண்டியிருந்தது. அவர் பாரிஸுக்குப் போய் ஆய்வைத் தொடர்ந்தார். 1998இல் அங்கேயே காலமானார். இப்போது அவ்வளவு சிரமம் இல்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள்க. மேசை நாற்காலிக்கு வேறு இடம் கிடைக்கும். கேசட்டுகள் அத்தனையும் டிஜிட்டலாகும்வரை அந்த அறையைக் காலி செய்ய வேண்டாம். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, குழாயைச் சரிசெய்ய ஆள் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துறை விரிவுரையாளர் ஒருவர்