பொருள்: 24 பக்கமாகச் சுருக்கப்பட்ட குழந்தைகள் படக்கதை வரிசை, 12 புத்தகப் பெட்டி குறித்த புகார்

பெறுநர்: பதிப்புப் பிரிவு மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனம் புதிய பதிப்பாகக் கொண்டுவந்திருக்கும் கரடிக்குட்டிப் படக்கதை வரிசையைப் பற்றிய புகார் இது. சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் வாசித்துக் காட்டும் பெற்றோர் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே விரித்து, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் எழுதுகிறோம். ஆகவே "அந்தக் காலம் போல் வருமா" என்கிற ஏக்கக் கடிதங்களோடு இதைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டாம்.

முதலில் அவசரமானது. பெட்டியின் மூடியில் கரடிக்குட்டியின் சட்டைப் பொத்தானாக 14 மி.மீ. நெகிழி வில்லை ஒன்றை ஒட்டியிருக்கிறீர்கள். நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடுகிறது. அதே பெட்டியின் அடியில் "0–5 வயது" என்று அச்சிட்டிருக்கிறது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் சிறுபகுதி உருளையின் குறுக்களவு 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு அந்த வயதுக்கு ஆகாது என்பது பொம்மை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பாலபாடம். உங்கள் பொத்தான் அதில் பாதி அகலம்கூட இல்லை. புத்தக அட்டையின் லேமினேஷனும் மூலைகளில் பிரிகிறது. மூலைகளை வட்டமாக வெட்டாமல் கூராக விட்டதால் கீழே விழும்போது மூலை நசுங்கி, படலம் எழும்பி நிற்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் நீளமாக உரிந்து வருகிறது. பல் முளைக்கிற குழந்தை புத்தகத்தை மூலையிலிருந்துதான் கடிக்கத் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பொத்தான் விஷயத்தில் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க முடியாது. விற்பனையில் இருக்கும் பெட்டிகளைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அறிவிப்புக் கொடுங்கள்.

இனி புத்தகங்கள்.

பழைய பதிப்பில் ஒவ்வொன்றும் 32 பக்கம், பெரிய தாளை மடித்தால் வரும் 16 பக்கக் கட்டு இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம், கடைசிப் பக்கம் போகக் கதைக்கு 14 விரிப்புகள், அதாவது எதிரெதிர்ப் பக்கங்கள் 14 ஜோடி. புதிய பதிப்பு 24 பக்கம். அதே கணக்கில் 10 விரிப்புதான் மிஞ்சுகிறது. 24 பக்கத்தில் அருமையான படக்கதை எழுத முடியாதா என்றால் முடியும், எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அவை 24-க்கு என்றே யோசித்து எழுதியவை. இந்த வரிசை 14 தடவை பக்கம் திருப்புவதற்காக எழுதப்பட்டது. நான்கு திருப்பங்களை எடுத்துவிட்டு, இரண்டு பக்க வரிகளை ஒரே பக்கத்தில் திணித்தால் கதை சுருங்காது, உடைந்துபோகும்.

4-ஆம் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் வலப்பக்கத்தின் கடைசி வரி, "புதருக்குப் பின்னால் இருந்தது யார்?" அங்கே வாசிக்கிறவர் நிறுத்துவார், குழந்தை ஏதாவது சொல்லும், பிறகு பக்கம் திரும்பும். விரிப்பு முழுக்கத் தூங்கும் ஆமை, ஒரு சொல்கூட இல்லாமல். புதியதில் கேள்வி இடப்பக்கம், ஆமை வலப்பக்கம். கேள்வியை வாய் எட்டுமுன் குழந்தையின் கண் ஆமைக்குப் போய்விடுகிறது. விடையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்பதற்குக் கேள்வி என்றா பெயர்? போதாக்குறைக்கு ஆமைக்குக் கீழே "ஆமை தூங்கிக்கொண்டிருந்தது" என்று யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார். "ஆமை தூங்குது!" என்று குழந்தை கத்த வேண்டிய இடம் அது. படத்தில் இருப்பதைப் பெரியவர் வாசித்துவிட்டால் குழந்தைக்குச் சொல்ல என்ன மிச்சம்? 2, 7, 11-ஆம் புத்தகங்களிலும் இதே வேலை நடந்திருக்கிறது.

அளவு மாற்றம் அடுத்த சேதம். பழைய புத்தகம் 18 செ.மீ. சதுரம். புதியது 21 அகலம், 27 உயரம். உயரத்தை நிரப்பச் சதுரப் படத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கியிருக்கிறீர்கள். அப்படியாக்கினால் அகலமும் 27 செ.மீ. ஆகும், தாளிலோ 21-தான் இருக்கிறது. ஆக, அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கத்தரிக்குப் போயிற்று. ஓரத்தில் என்ன இருந்தது என்று வெட்டியவர் பார்க்கவில்லை.

ஓரத்தில் குருவி இருந்தது. இந்த வரிசையின் ஒவ்வொரு விரிப்பிலும் நகக்கண் அளவில் ஒரு குருவி ஒளிந்திருக்கும், பெரும்பாலும் ஓரத்தில்தான். கதையைவிடக் குருவிக்காகவே புத்தகத்தை எடுக்கிற குழந்தைகள் உண்டு. 6-ஆம் புத்தகத்தின் கடைசிப் பக்கம், "குருவியை எத்தனை தடவை பார்த்தாய்?" என்று கேட்டு, கீழே தலைகீழாக "14" என்று விடை சொல்லும். புதிய பதிப்பிலும் அந்தக் கேள்வி இருக்கிறது, அந்த 14-ம் இருக்கிறது. விரிப்புகள்தான் 10. அதிலும் இரண்டு குருவிகள் ஓரத்தோடு போய்விட்டன. எட்டுக்கு மேல் எண்ணவே முடியாத புத்தகத்தில் 14 என்று விடை அச்சிட்டிருப்பதைப் பார்த்தால், உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடக் கடைசிவரை புரட்டிப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிறு கைக்குச் சிறு புத்தகம் என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1902-இல் பீட்டர் முயல் கதை வந்தபோதே பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் குழந்தையின் கைக்குள் அடங்கும் அளவைத்தான் விரும்பினார். பெரிதாக்கினால் அலமாரியில் எடுப்பாகத் தெரியும், உண்மைதான். வாங்குகிறவர் கண்ணுக்கு அது வசதி, தூக்குகிற குழந்தைக்கு அல்ல.

பைண்டிங்குக்கு வருவோம். 24 பக்கம் என்றால் 12 தாள். இந்த ஆர்ட் பேப்பரில் முதுகு ஒன்றரை மில்லிமீட்டரைத் தொடுவதே சந்தேகம். இவ்வளவு மெல்லிய முதுகை அரைத்துச் சூடான பசையில் ஒட்டியிருக்கிறீர்கள். பசை பிடிக்க முதுகு குறைந்தது 3 மி.மீ.யாவது வேண்டும் என்பார்கள் பைண்டிங் செய்கிறவர்கள். வழவழப்புப் பூசிய தாள் பசையை எளிதில் உள்வாங்குவதும் இல்லை. இன்னொன்று, தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இல்லாமல் குறுக்கே போகிறது. ஒரு பக்கத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும்போது மடிப்புக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுதான் நார் ஓட்டம். குறுக்கு ஓட்டத்தில் தாள் விறைத்து நிற்கும். திறக்கும்போதெல்லாம் அது திமிறி, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கும். முதலில் நடுத்தாள் கழன்று வருவதும், பக்கத்துத் தாள்கள் பிறகு ஆடுவதும் இதனால்தான். அட்டைக்குள் வெறும் 12 தாளுக்கு நடுமடிப்பில் நூல் தையல் போட்டிருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, புத்தகமும் படுத்துக் கிடந்தபடி திறக்கும்.

திறக்காததால் படமும் போகிறது. ஒட்டுப் பைண்டிங் ஒவ்வொரு பக்கத்திலும் 7 மி.மீ. அளவுக்கு விழுங்குகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 5-ஆம் புத்தகத்தின் நடு விரிப்பில், கரடியின் மூக்கில் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பது சரியாக அந்த இடத்தில். அடுத்த பக்கத்தில் கரடி தும்முகிறது. ஏன் தும்முகிறது என்பது மடிப்புக்குள் இருக்கிறது. அதைக் காட்ட வேண்டுமென்று புத்தகத்தை அழுத்தி விரித்தால் முதுகு விட்டுப்போகிறது. பெற்றோர் முரட்டுத்தனமாகக் கையாள்வதாக உங்கள் வாடிக்கையாளர் பிரிவு பதில் எழுதியதாகக் கேள்விப்பட்டோம். அழுத்தச் சொன்னது உங்கள் பைண்டிங்தான்.

அச்சைப் பற்றிச் சுருக்கமாக. மூலப் படங்களிலிருந்து எடுக்காமல் ஏதோ பழைய அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் புதிய அச்சுப்புள்ளிகளுக்குள் பழைய புள்ளிகளின் நிழல் தெரிகிறது. வெறுங்கண்ணுக்கே வானத்தில் வலை விரித்தாற்போல் அலைக்கோடுகள். ஒன்றரை மடங்கு பெரிதாக்கியது அதை இன்னும் காட்டிக்கொடுக்கிறது. எழுத்துகளையும் கறுப்பு மை ஒன்றில் அச்சிடாமல் நான்கு மையிலும் கலந்து அச்சிட்டதால், நிறப் பொருத்தம் இம்மி பிசகினாலும் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் இளஞ்சிவப்பு நிழல். இருட்டில் விளக்கடியில் வாசிப்பவருக்கு மெய்யெழுத்தின் மேல் ஒரு புள்ளியா இரண்டா என்றே சந்தேகம் வருகிறது.

எழுத்தின் அளவு 20 பாயிண்டிலிருந்து 14-க்கு இறங்கியதும் பக்கக் குறைப்பின் விளைவே. வரி உடைப்பை இயந்திரத்திடம் விட்டிருக்கிறீர்கள். "தூங்கிக்கொண்டிரு" ஒரு வரி, "ந்தது" அடுத்த வரி. மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பதைத் தமிழில் அச்சுக் கோத்த யாரும் சொல்வார்கள். விரலை வைத்து வாசிக்கப் பழகும் குழந்தை "ந்தது" என்பதை எப்படி உச்சரிக்கும்? 9-ஆம் புத்தகத்தில் "கொக்கு" மூன்று இடங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து, நடுவே புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது வரும் பழகிய கோளாறு. ஒருமுறை மெய்ப்புப் பார்த்திருந்தால் போதும், கதையே கொக்கைப் பற்றியது.

சொற்களையும் தொட்டிருக்கிறீர்கள். எல்லாப் புத்தகங்களிலும் திரும்பத் திரும்ப வரும் "மெல்ல மெல்ல, யாரும் இல்ல" என்ற வரி இப்போது "மெதுவாக நகர்ந்தது; அங்கு எவரும் இல்லை" ஆகிவிட்டது. இலக்கணம் சரியாக இருக்கலாம். ஆனால் எழுத்துத் தெரியாத குழந்தை சேர்ந்து சொல்வது இந்த ஒரு வரியைத்தான், தானும் வாசிக்கிறோம் என்று அதற்குத் தோன்றுவது இங்கேதான். "எவரும் இல்லை" என்று எந்த மூன்று வயதும் கத்தாது.

8-ஆம் புத்தகத்தில் பாட்டிக் கரடி குட்டியை இருட்டறையில் அடைக்கும் பக்கத்தை நீக்கியிருக்கிறீர்கள். இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அந்தப் பக்கம் பயமுறுத்துகிறது, போனதே நல்லது என்கிறவர்கள் இருக்கிறோம். பயத்தைப் பெரியவர் மடியில் உட்கார்ந்து கடப்பதற்குத்தான் கதை, அதை எடுத்தால் பாட்டி மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கும் பொருளில்லை என்கிறவர்களும் இருக்கிறோம். ஆனால் இரு தரப்பும் ஒரே குரலில் சொல்வது: பக்கத்தை நீக்கிவிட்டு அடுத்த படத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். குட்டி அழுதபடி கதவைத் தட்டுகிறது. எதற்கு அழுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வருகிறது, வாசிப்பவர் ஆளுக்கொரு காரணம் புனைய வேண்டியிருக்கிறது. பெட்டியிலோ "முழுமையான பதிப்பு" என்று பொன்னெழுத்து. மாற்றினால் மாற்றியதைப் பின்னட்டையில் சொல்லுங்கள், வாங்குவதா வேண்டாமா என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

நாங்கள் கேட்பவை இவை. பொத்தான் பெட்டிகளை உடனே திரும்பப் பெற்று, வயதுக் குறிப்பைத் திருத்த வேண்டும். தாள் கழன்ற புத்தகங்களுக்கு வேறு பிரதி வேண்டாம், அதே பசைதானே அதிலும். பணத்தைத் திருப்பித் தாருங்கள். அடுத்த அச்சில் 32 பக்கமும், 18 செ.மீ. சதுரமும், நூல் தையலும் திரும்ப வேண்டும். செலவு இடிக்கிறது என்றால் பெட்டியையும் பொன்னெழுத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பெட்டி இவ்வளவு இறுக்கமாக இருப்பதால் புத்தகத்தை முதுகின் தலையைப் பிடித்து இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, அட்டை கிழிவதே அங்கிருந்துதான்.

பக்க எண்களுடன் பிழைப் பட்டியலையும், கழன்ற பொத்தான் ஒன்றையும் உறையில் வைத்திருக்கிறோம். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வாசித்துக் காட்டும் பெற்றோர்