டைல்ஸுக்கு அடியில் என்ன புதைத்தீர்கள்? வீடு கட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒப்பந்ததாரர்களுக்கும், பொறியாளர்களுக்கும், குழாய் வேலையை மேற்பார்வை பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பைக் கவனித்துக்கொள்ளும் ஆள் நான். விளக்கு எரியவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று வரும் புகார்களை எல்லாம் கூட்டினாலும், 'டாய்லெட் அடைத்துக்கொண்டது', 'சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை' என்பவற்றுக்கு ஈடாகாது. ஒவ்வொரு முறையும் கூண்டில் நிற்பவர் குடியிருப்பவர்தான். வந்து நிற்கும் பிளம்பரின் முதல் கேள்வியே "உள்ளே என்னத்தைப் போட்டீங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதே கேள்வியை உங்களிடமும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

எங்கள் பங்கை மறைக்கவில்லை. குளியலறையில் முடி போகிறது, சிங்க்கில் எண்ணெய் போகிறது. சூடாக இருக்கும்போது தண்ணீராக ஓடும் கொழுப்பு, குழாய்க்குள் ஆறியதும் சுவரில் ஒட்டி, அடுத்து வரும் துணுக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தாலும், ஈரத் துடைப்பான்கள் டிஷ்யூ காகிதம் போலப் பிரிந்து போவதில்லை. நாப்கினோ தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். 2017-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பாதாளச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளம், ஏறத்தாழ 130 டன் எடை கொண்ட கொழுப்புப் பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதில் இருந்ததும் இதே எண்ணெய், இதே துடைப்பான்கள்தான். ஆகவே சிங்க்கில் வலை வையுங்கள், எண்ணெய்ப் பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், மற்றதைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்று எங்கள் ஆட்களிடம் சலிக்காமல் சொல்லி வருகிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

சரி, கேட்கிறவர்கள் வீட்டிலும் ஏன் அடைக்கிறது?

முதல் காரணம் வாட்டம், அதாவது குழாயின் சரிவு. கழிவுநீர் தானாக ஓடவேண்டும். பின்னால் இருந்து தள்ள எதுவும் கிடையாது. 100 மி.மீ. குழாய்க்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 40-க்கு 1. அதாவது 6 மீட்டர் ஓட்டத்துக்கு 15 செ.மீ. இறக்கம். இது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் கடைசியில் வெளி செம்பர் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டி) வேண்டிய ஆழத்தில் அமையாமல் போக, அந்த 15 செ.மீ. எட்டாகி, எட்டு நாலாகிறது. இல்லையென்றால் குழாய்க்கு அடியில் மண்ணைச் சரியாக இறுக்காததால் நடுவில் தொய்ந்துவிடுகிறது. தொய்ந்த இடத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் வண்டல் இறங்கும். அந்த வீட்டுக்காரர் எவ்வளவு ஒழுக்கமாக இருந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் அடைத்தே தீரும். ஒரே வீட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைப்பு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வாட்டத்தைத்தான்.

அடுத்து சிமெண்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் வாளியையும் கரண்டியையும் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது? பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டிருக்கும் தரைக் குழாய்க்குள். "நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டால் போய்விடும்" என்று மேஸ்திரி சொல்வார். போகாது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியிலும் கெட்டியாகும். டிராப்பின், அதாவது வடிகால் வாய்க்குக் கீழே இருக்கும் வளைந்த துண்டின், வளைவில் எப்போதும் 50 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் நின்று சாக்கடை நாற்றத்தைத் தடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த வளைவில் சிமெண்ட் பால் படிந்தால் கல்லாகி, குழாயின் வாய் பாதியாகிவிடும். பிறகு ஒரு கொத்து முடி போதும். எங்கள் கட்டடத்தில் ஒரு தரைக் குழாயை உடைத்துப் பார்த்தபோது வந்தது சிமெண்ட் கட்டி மட்டுமல்ல. குழாய் வாயை அடைக்க யாரோ திணித்து, பிறகு உள்ளே நழுவவிட்ட சாக்குத் துண்டும் வந்தது. அதற்கு முன்பு அந்த வீட்டுக்காரர் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பார்! குழாய் பதித்த அன்றே மூடியைப் போட்டு, எல்லா வேலையும் முடிந்த பிறகு கழற்றினால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

திருப்பங்களைப் பற்றி ஒரு வரி போதும்: படுக்கையாகப் போகும் குழாயில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டால் கழிவும் தேங்காது, அடைப்பு எடுக்கும் கம்பியும் வளைந்து உள்ளே போகும்.

இதை எல்லாம் சரியாகச் செய்தாலும் என்றைக்காவது அடைப்பு வரும், ஒப்புக்கொள்கிறேன். அப்போது கை வைக்க வழி வேண்டாமா? அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு பேசின் மட்டும் மெதுவாக இறங்கினால் கோளாறு அதன் டிராப்பில்தான். கழற்றிக் கழுவினால் முடிந்தது. டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்தால் குளியலறைத் தரையில் குமிழி வருகிறதா? இரண்டும் சேருமிடத்துக்கு அப்பால் அடைத்திருக்கிறது. உடனே அந்த லைனில் மேல்மாடிக்காரர்கள் உட்பட எல்லோரும் தண்ணீரை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கீழ்வீட்டில் பொங்கும். அப்புறம் வெளியே செம்பர் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். காலியாக இருந்தால் வீட்டுக்கும் செம்பருக்கும் நடுவில்.

எல்லாம் அந்த மூடியை நம்பித்தான் இருக்கிறது. நீங்களோ அழகு கெடுகிறது என்று அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டீர்கள். கிளீனிங் ஐ (அடைப்பு எடுக்கத் திறக்கும் மூடி) வைத்த பெண்டைச் சுவருக்குள் பூசி மறைத்துவிட்டீர்கள். எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கோடு போட்டுக் காட்டும் படமும் இல்லை. ஒரு மணி நேர வேலை, தரையைக் கொத்திக் கொத்தித் தேடும் இரண்டு நாள் வேலையாகிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. குழாய்க்கு வழி தெரியாதவர் ஆசிடைத்தான் ஊற்றுவார். டாய்லெட் கழுவும் ஆசிட் முடியையும் கொழுப்பையும் அவ்வளவாகக் கரைக்காது. டைல்ஸ் இடுக்கைத்தான் அரிக்கும். காஸ்டிக் சோடா கொஞ்சம் கரைக்கும், ஆனால் தண்ணீரில் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். அது இறங்கவில்லையே என்று மேலே ஆசிடை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். ஆசிடோடு பிளீச் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளாஸ்டிக் குழாயில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் குழாய் நெகிழ்ந்து இணைப்புகள் விட்டுப்போகலாம். ரப்பர் கப் வைத்த ப்ளஞ்சரை, கப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிறுத்தி, பேசின் என்றால் அதன் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் சிறு ஓட்டையை ஈரத் துணியால் அடைத்துக்கொண்டு, அழுத்துகிற அதே வேகத்தில் இழுக்கவும் செய்தால், பக்கத்தில் இருக்கும் அடைப்பு பெரும்பாலும் விட்டுவிடும். இழுப்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஏற்கெனவே ஆசிடோ காஸ்டிக் சோடாவோ ஊற்றியிருந்தால் ப்ளஞ்சரைத் தொடாமல், வருகிற பிளம்பரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். ஆழமான செம்பருக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் அதன் நாற்றமே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே நிற்பவர்களுக்குப் புரியும்.

இனி கட்டப்போகும் கட்டடங்களுக்கு நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிறதல்ல. டைல்ஸ் வேலை தொடங்குவதற்கு முன் குழாயின் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று பாருங்கள். உள்வாயைவிடச் சற்றே சிறிய பந்து ஒன்றை மேலே விட்டு, கீழே வந்து சேருகிறதா என்று பாருங்கள். பூசி மூடும் முன், அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு குளியலறையையும் ஒரு புகைப்படம் எடுங்கள். சாவி கொடுக்கும்போது படத்தையும் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். செம்பர் மூடியை எடுக்கிற மாதிரி விடுங்கள். அழகு வேண்டுமானால் மூடிக்குள்ளேயே டைல்ஸ் பதிக்கும் சட்டங்கள் கிடைக்கின்றன.

ஏற்கெனவே கட்டி முடித்தவற்றுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை நடந்தபோது உங்கள் சைட் பொறியாளர்கள் தினமும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அவை பழைய கைப்பேசியிலோ கணினியிலோ கிடக்கலாம். குழாய் தெரிகிற படங்களை மட்டும் பொறுக்கி, எந்த வீடு, எந்தத் தளம் என்று எழுதி, அந்தந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அடைப்பு என்றால் முதலில் அழைக்கப்படுகிறவர்