ஆத்திரத்தில் மட்டும் நடந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் போரும் மனித மனமும் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். தோழனைப் பறிகொடுத்த சிப்பாயின் ஆத்திரத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற அதன் வாதத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால், நிராயுதபாணிகள் கொல்லப்பட்ட சம்பவங்கள் அனைத்தையும் அந்த ஆத்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டு, போர் என்றால் இப்படித்தான் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை, மட்டக்களப்பில் உள்நாட்டுப் போரின் ஆண்டுகளைக் கழித்த ஒருவனாக என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

சிப்பாயின் ஆத்திரம் பொய்யல்ல. கண்ணில் படாத எதிரியிடம் அடிவாங்கியவனின் ஆத்திரம் அது. 1968 மார்ச் 16ஆம் திகதி வியட்நாமின் மை லாய் கிராமத்துக்குள் நுழைந்த அமெரிக்கக் கம்பனி, அதற்கு முந்திய வாரங்களில் எதிரியை நேருக்கு நேர் சந்திக்காமலேயே கண்ணிவெடிகளிலும் பொறிவெடிகளிலும் ஆட்களை இழந்துகொண்டிருந்தது. இரண்டு நாள்களுக்கு முன்புதான் சார்ஜன்ட் ஒருவர் அவ்வாறு இறந்திருந்தார். வெடியைப் புதைத்தவன் போய்விட்டான். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது ஊர் மட்டுமே. வியட்நாமியரின் கணக்கின்படி அன்று கொல்லப்பட்டோர் 504 பேர். அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் முதியோரும் குழந்தைகளும். இதுவரை கட்டுரையாளர் சொல்வது சரி. அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், இறந்த சார்ஜன்டுக்கு அஞ்சலி செலுத்திய கையோடு, மறுநாள் நடவடிக்கை பற்றிய விளக்கத்தையும் கம்பனியின் கப்டன் கொடுத்தார் என்பதே. துக்கம் ஆறுவதற்கு முன்பே அதற்கு ஒரு திசை காட்டப்பட்டது. அதே காலையில், அதே இராணுவத்தைச் சேர்ந்த ஹியூ தொம்சன் என்ற விமானி, கிராமத்தவர்களுக்கும் அவர்களை நோக்கி வந்த சிப்பாய்களுக்கும் நடுவே தன் ஹெலிகொப்டரை இறக்கி, தன் நாட்டவரே சுட்டாலும் திருப்பிச் சுடும்படி தன் குழுவினரிடம் சொல்லிவிட்டு, சிலரைக் காப்பாற்றினார். அவரும் அந்தப் போரில் நின்றவர்தான். தண்டனை என்று பார்த்தால், லெப்டினன்ட் வில்லியம் காலி ஒருவரே குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுட்தண்டனை பெற்றார். அவரும் 1974இல் வெளியே வந்துவிட்டார்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இராது. 1991 ஜூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலைப் பகுதியில் உழவு இயந்திரத்தில் சென்ற படையினர் கண்ணிவெடியில் சிக்கி, இருவர் உயிரிழந்தனர். அதன் பிறகு மகிழடித்தீவிலும் அயலிலும் மக்கள் சுட்டும் எரித்தும் கொல்லப்பட்டனர். ஆலையொன்றில் ஒதுங்கியவர்களும் தப்பவில்லை. அரசு நியமித்த ஆணைக்குழு 67 பேர் என்றது. ஊரார் சொல்லும் தொகை அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டின் இடையில் அகப்பட்டு இறந்தார்கள் என்ற கதையை அந்த ஆணைக்குழுவே ஏற்கவில்லை, அது படையினரின் பழிவாங்கல் என்றே கண்டது. ஆயினும் இராணுவ விசாரணையின் முடிவில் சிப்பாய்கள் விடுவிக்கப்பட்டனர். தன் ஆட்களைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக அகற்றியமைக்காகவும் கட்டளை அதிகாரி மட்டும் பதவி நீக்கப்பட்டார்.

அந்த நாள்களில் வெடிச்சத்தம் கேட்டதும் கடைகளின் பலகைகள் ஒவ்வொன்றாகப் பொருத்தப்படும். வளர்ந்த ஆண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடையாள அட்டையைத் தேடுவார்கள். சந்தியில் நிற்பவர்களின் முதல் கேள்வி எத்தனை பேர் செத்தார்கள் என்பதல்ல. "எந்தக் காம்ப்? இப்ப அங்க ஆர் பெரியவன்?" என்பதுதான். ஏனெனில், ஒரு முகாமின் ஆட்கள் அடிவாங்கினால் அது சுற்றிவளைப்போடும் நாலு அடி உதையோடும் நின்றுவிடும். இன்னொரு முகாமென்றால் ஊர் எரியும். செத்தவனுக்காக அழுதவர்கள் இரண்டு இடத்திலும் இருந்தார்கள், ஆத்திரமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபட்டது பொறுப்பில் இருந்தவர் மட்டுமே. நெல் குற்றிப் பிழைத்த கிழவிகளுக்கும் தெரிந்திருந்த இந்த வித்தியாசம் கட்டுரையாளரின் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று தெரியவில்லை.

ஆத்திரம் போர்முனையில்தான் உச்சத்தில் இருக்கும் என்றும் அவர் எடுத்துக்கொள்கிறார். 1914 கிறிஸ்மஸ் நாளில், மாதக்கணக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த பிரித்தானிய, ஜேர்மன் சிப்பாய்கள் மேற்குப் போர்முனையின் பல இடங்களில் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள். அது மீண்டும் நிகழக்கூடாது என்று தடுத்தவர்கள் மேலிடத்தினர். 1915 மே மாதம் லுசித்தானியா என்ற பிரித்தானியப் பயணிகள் கப்பல் ஜேர்மனியரால் மூழ்கடிக்கப்பட்டதும், போர்முனையை எட்டியும் பார்த்திராத கூட்டங்கள் லண்டனிலும் லிவர்பூலிலும் ஜேர்மன் பெயர் தாங்கிய பேக்கரிகளை உடைத்தன. எங்கள் நாட்டிலும் அதுதான் நடந்தது. 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பில், அவர்களது உடல்களுக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்தோடு வன்முறை தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் உண்மையான கோபம் இருந்திருக்கலாம். ஆனால், அடுத்த நாள்களில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர்களின் வீடுகளைத் தேடிப் போனவர்கள் இருந்தார்களே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆத்திரம் கண்ணை மறைக்கும் என்பார்கள். இங்கே அது வீட்டிலக்கம் பார்த்து நடந்தது. நாள்கள் சில கழித்துத் தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தன, அதைச் சிங்கள மக்களின் எதிர்வினையாகவே விளக்கினார். வீடிழந்தவர்களுக்காக அனுதாப வார்த்தை ஒன்று அவரிடமிருந்து வரவில்லை.

நம் பக்கத்தையும், அதாவது தமிழ் ஆயுததாரிகள் செய்தவற்றையும், இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டதையோ, அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையோ ஆத்திரம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டும் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. அந்த ஆகஸ்டிலேயே ஏறாவூரில் முஸ்லிம்களுக்கும் வீரமுனையில் தமிழர்களுக்கும் நடந்தவற்றுக்கு அவரவர் சொல்லும் காரணம், எதிர்ப்பக்கம் அதற்கு முதல் வாரம் செய்தது. பழிக்குப் பழி என்பது தானாக ஓடும் ஆறு போலப் பேசப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஆயுதம் கொடுத்தார்கள், யாரோ வாகனம் கொடுத்தார்கள், யாரோ காவல்சாவடியைத் திறந்துவிட்டார்கள்.

நாடுகளின் வன்மமும் இப்படித்தான் பேணப்படுகிறது. 1871 ஜனவரி 18ஆம் திகதி, தோற்ற பிரான்ஸின் வெர்சாய் மாளிகையில், கண்ணாடி மண்டபத்திலேயே, ஜேர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது. எல்லைப் பகுதியான அல்சாஸை ஜேர்மனியிடம் இழந்த பிரெஞ்சுக்காரர்கள், பாரிஸின் கொங்கோர்ட் சதுக்கத்தில் அதன் தலைநகரான ஸ்ட்ராஸ்பேர்க்கைக் குறிக்கும் சிலைக்குக் கறுப்புத் துணி சாத்தி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துக்கம் காத்தார்கள். அந்தப் போரைக் கண்டிராத பிள்ளைகள் அந்தத் துணியைப் பார்த்து வளர்ந்தார்கள். 1919 ஜூன் 28ஆம் திகதி அதே மண்டபத்தில், முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட வைக்கப்பட்டது. 1921இல் 132 பில்லியன் தங்க மார்க் நட்டஈடு விதிக்கப்பட்டது. 1918இல் போர் நிறுத்தத்தைக் கேட்கும்படி அரசை நெருக்கிய தளபதி ஹிண்டன்பேர்க்கே, அடுத்த ஆண்டு நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வந்து, படை முதுகில் குத்தப்பட்டது என்று சாட்சி சொன்னார். தோல்விக்குப் பொறுப்பானவர்கள் நிதானமாகச் செய்துகொடுத்த அந்தக் கதையை, பசியோடு இருந்த மக்கள் ஆத்திரமாக வாங்கிக்கொண்டார்கள். 1918இல் ஜேர்மனியர் பணிந்த கொம்பியேன் காட்டு ரயில் பெட்டியை, 1940 ஜூனில் ஹிட்லர் நூதனசாலையிலிருந்து வெளியே எடுப்பித்துப் பழைய இடத்தில் நிறுத்தி, பிரான்ஸைக் கையொப்பமிட வைத்தார். மண்டபத்துக்கு மண்டபம், பெட்டிக்குப் பெட்டி.

இங்கும் ஒவ்வொரு சமூகத்திடமும் அப்படியொரு கறுப்புத் துணி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்களை நினைக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. எங்கள் பகுதியில் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். சடங்கு நாள்களில், கண்ணகி அரசனிடம் நீதி கேட்ட கதையான வழக்குரை படிக்கப்படும், அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு கடைசியில்தான். அம்மனின் கோபம் பிழையென்று அங்கே எவரும் சொல்வதில்லை, மதுரை எரிந்ததை மறைப்பதும் இல்லை. அரசன் முன் வழக்கு முழுதும் பேசி முடிந்த பிறகே அவள் குளிர்விக்கப்படுகிறாள். போருக்குப் பின் நல்லிணக்கம் என்ற பெயரில் எங்களுக்குத் தரப்பட்டதோ முதலிலேயே குளிர்த்தி. வழக்குரை எப்போது என்று கேட்டால், பழைய புண்ணைக் கிளறாதே என்கிறார்கள்.

இக்கடிதத்துக்கு இடம் தருவீர்களானால், ஒரு வேண்டுகோளையும் சேர்த்துக்கொள்கிறேன். கொக்கட்டிச்சோலை பற்றிய ஆணைக்குழுவின் முடிவுகளை உங்கள் பத்திரிகை மீண்டும் அச்சிட வேண்டும். அதே வரிசையில் 1990 ஜூன் பொலிஸார் கொலையையும் காத்தான்குடியையும் ஏறாவூரையும் வீரமுனையையும் எடுத்து, செய்தவர்கள் எவ்வளவு கோபமாக இருந்தார்கள் என்று கேட்பதை விட்டு, அன்று பொறுப்பில் இருந்தவர் யார், அவர் எங்கே நின்றார், எந்த நேரத்தில் அவருக்குத் தெரியவந்தது, பிறகு அவருக்குக் கிடைத்தது தண்டனையா பதவியுயர்வா என்று விசாரித்து எழுத வேண்டும். கட்டுரையாளரே அதற்கு முன்வந்தால் நல்லது. மகிழடித்தீவில் அன்று இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்முனைத் துறையில் இப்போது பாலமும் உண்டு, அவர் முன்போலப் படகுப்பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.